மூன்றாவது வரிசை

எங்கள் வண்டியில் பின்னால் இரண்டு இருக்கைகள் கூடுதலாகப் போடலாம் என்று முதலில் சொன்னவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. சைகோனில் எனக்கு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு வந்து நிலைத்த பிறகு, காரைக்காலில் சும்மா இருந்த அவனை நான்தான் இங்கே வரவழைத்தேன். தெரிந்த ஒருவரின் மசாலா இறக்குமதிக் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். பிறகு அவன் மனைவியும் மகனும் வந்தார்கள். எங்களுக்குப் பக்கத்து அடுக்குமாடியிலேயே வீடு பார்த்துக் கொடுத்தோம்.

வண்டி பழையது. நாடு திரும்பிய ஒரு கொரியக் குடும்பம் விட்டுவிட்டுப் போன உயரமான எஸ்யூவி. ஐந்து பேருக்கானது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழு பேர் அதில் ஏறுவோம். பின்னால் என் மனைவியும் அவன் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். எங்காவது போலீஸ்காரர் நின்றால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்.

"மச்சான், இதே வண்டியில ஏழு சீட்டு உள்ளதும் வருதாம். நட்டு மாட்டுற ஓட்டையெல்லாம் இதுலயும் அடியில ஈக்கிது. சீட்டு மட்டும் கெடச்சா போதும்," என்றான் அவன். அவனுக்கு வியட்நாமிய மொழி என்னைவிட நன்றாக வரும். சைகோனின் சீனர் பகுதியான சோலோனில் பட்டறை தேடியதும், உடைத்துப்போட்ட இன்னொரு வண்டியிலிருந்து இருக்கைகளைப் பிடித்ததும் அவன்தான்.

அந்தப் பட்டறைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. சந்துக்குள் சந்து. வாசல் முழுக்க பிரித்துப்போட்ட கதவுகள். மெக்கானிக் பின்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கிக் காட்டினார். மச்சினன் சொன்னது சரிதான். ஓட்டைகள் ரப்பர் மூடி போட்டு அப்படியே இருந்தன. இருக்கைகள் வேண்டாதபோது இரண்டு பக்கச் சுவரோடும் மடங்கி நிற்கும். மெக்கானிக் ஒன்றை மட்டும் எச்சரித்தார். வண்டிப் பதிவில் ஐந்து பேர் என்றுதான் இருக்கிறது. அரசாங்கச் சோதனைக்குக் கொண்டுபோகும்போது இவற்றைக் கழற்றிவிட வேண்டும், வழியில் பிடித்தாலும் வம்புதான் என்றார். மச்சினன் சிரித்தான். "வீட்டுப் புள்ளைங்கதானே உக்காரப் போவுதுங்க. யாரு எண்ணிப் பாக்கப் போறா?"

சாம்பல் நிற ரெக்ஸினில் உறை தைத்து, பெல்ட் மாட்டி முடித்ததும் அவனே பின்னால் ஏறி உட்கார்ந்தான். சந்தில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னான். பள்ளத்தில் இறக்கினேன். "பெரியவங்களுக்கு முட்டி இடிக்கத்தான் செய்யிது. ஆனா சமாளிச்சுக்கலாம்," என்றான். அங்கே பெரியவர்கள் யார் உட்காரப் போகிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறானே என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு வுங் தாவ் கடற்கரைக்குப் போனோம். பின்வரிசைக்காகப் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். என் மனைவி முதல்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்து, வழி முழுக்கத் தூங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் அப்போதே பலன் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு கம்பெனி வேலையாக நான் அடிக்கடி ஹனோய்ப் பக்கம் போக வேண்டியதாயிற்று. போனால் வாரக்கணக்கில் தங்கல். மனைவிக்கு ஓட்டத் தெரியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட, அவளைக் கடைக்குக் கூட்டிப்போக என்று சாவியை மச்சினனிடம் கொடுத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று நிற்கும். ஒருமுறை அவன், "பின்னாடி காத்து வரல மச்சான், ரெண்டு சின்ன ஃபேன் மாட்டலாம், புள்ளைங்களுக்கு வேர்க்குது," என்றான். அதையும் மாட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை டோங் டு பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தேன். பின்கதவைத் திறந்து, வீட்டுக்கு வாங்கிய தண்ணீர்ப் பாட்டில்களை மடக்கிய இருக்கைகளுக்கு நடுவே அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். தோல் வியாபாரத்துக்காக அடிக்கடி வந்துபோகும் தமிழர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"பாய், நீங்கதான் இந்த வண்டி டிரைவரா?" என்று முகம் மலரக் கேட்டார். "போன மாசம் குடும்பத்தோட வந்தப்ப இதுலதான் படகுல சுத்த மீதோ போனோம், சுரங்கம் பாக்க கூ சி போனோம். டிரைவர் லீவுல ஹனோய் போயிருக்காருன்னு சொல்லி உங்க முதலாளியே ஓட்டினாரு. தங்கமான மனுஷன்."

நான் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"பின்னாடி சீட்டுல எங்க மாமியார்தான் உக்காந்தாங்க. வேர்வையில நனைஞ்சுட்டாங்க. ஃபேன் போடுங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டுப் போனேன். அட, போட்டுட்டாரே!" என்று உள்ளே எட்டிப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு என் தோளைத் தட்டி, "முதலாளிய நான் விசாரிச்சதாச் சொல்லுங்க," என்றார்.

"சொல்றேன்," என்றேன். வேறு என்ன சொல்வது? இது என் வண்டி என்று அந்த மனிதரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர்மேல் தப்பும் இல்லை. அவர் தெருமுனை திரும்பிய பிறகும், ஏதோ கன்னத்தில் வாங்கியவன் போல முகம் எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். உன் தம்பி நம் வண்டியைச் சுற்றுலாக்காரர்களுக்கு ஓட்டியிருக்கிறான் என்றேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"பின் சீட்டுக்கு அடியில ஒரு கொழந்தை செருப்பு கெடந்துச்சு. நம்ம புள்ளைங்களது இல்ல. கேட்டேன். அழுவாத கொறையா நின்னான். மச்சான்கிட்ட சொல்லாத, நீ என் கூடப்பொறந்த லாத்தா இல்லையா, கொஞ்ச நாள்ல சொந்தமா வண்டி எடுத்துடுறேன்னான். என் தம்பிங்க அவன்... நான் என்ன செய்வேன்?"

"எங்கூட ஃபோன்ல தினமும் பேசுனியே. அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் பேசுனியா?"

அவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். என்னை டிரைவர் என்று சொல்லிவைத்திருக்கிறான் என்பதை அதன் பிறகுதான் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து அவனைக் கூப்பிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றான்.

"வண்டி சும்மாதானே மச்சான் நின்னுச்சு."

"சீட்டு போடச் சொன்னது இதுக்குத்தானா?"

"ரெண்டுக்குந்தான்," என்றான். அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். வுங் தாவ் போன அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதோடு என்னைவிட்டுப் போனது.

"என்னை ஏன்டா டிரைவருன்னு சொன்னே?"

"இரவல் வண்டின்னா யாரு ஏறுவாஹ? கேட்டாஹ, வாய்ல வந்துருச்சு. அதுக்குப் போயி..."

"மன்னிப்பு கேளு தம்பி," என்றாள் என் மனைவி. அவன் தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "பெத்தவங்க போல பாத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன். ஒரு வண்டிக்கு இவ்வளவு பேச்சா?" என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். நாங்கள்தான் தப்பு செய்தவர்கள் மாதிரி வீட்டுக்குள் நின்றோம்.

சோதனை நெருங்கியபோது வண்டியைச் சோலோனுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் இருக்கைகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். சோதனை முடிந்து எப்போது மாட்ட வருவீர்கள் என்று கேட்டார். வேண்டாம், யாருக்காவது பயன்பட்டால் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உறை புதிதாக இருந்ததே.

மச்சினன் மசாலாக் கம்பெனியை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு வேன் எடுத்தான். தொழில் நன்றாக நடக்கிறது என்று கேள்வி. பள்ளிவாசலில் பார்த்தால் ஸலாம் சொல்வான், நானும் பதில் சொல்வேன். அதற்குமேல் இல்லை. அவனை மறந்து இருப்பது எனக்கு அவ்வளவு சிரமமாக இல்லை. வீட்டுக்குள்தான் சிரமம். மனைவி டீ கொண்டுவந்து வைப்பாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசுவாள், நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பார்வை அவளுக்கும் புரிந்திருக்கிறது.

பல மாதங்களுக்குப் பிறகு ஹனோயிலிருந்து திரும்பிய ஒரு நாள், அவள் டாக்ஸி பிடித்துத் தனியாக விமான நிலையத்துக்கு வந்து நின்றாள். அதுவரை அப்படி வந்தவள் இல்லை. ஏறி உட்கார்ந்ததுமே, "இனிமே நீங்க கேக்குறதுக்கு முந்தி நானே எல்லாத்தையும் சொல்லிடுறேன்," என்றாள். நான் இல்லாதபோது நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது, குழாய் ஒழுகியது, தம்பி ஒருநாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது, அவன் தன்னிடம் பேசியது, தான் அழுதது. ஒன்றையும் ஒளிப்பதாகத் தெரியவில்லை.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சிக்னலில் மோட்டார் சைக்கிள்கள் எங்களைச் சூழ்ந்து நின்றன. அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் தலையசைத்துக்கொண்டே, இதில் எதை விட்டிருப்பாள் என்று தேடிக்கொண்டிருந்தேன்.