டொக்டரின் கம்பியும் ஆறு மூட்டை உப்பும்

என் பட்டறையில் நான் உட்காரும் கதிரைக்கு நேர்மேலே, ஓர் ஆணியில் முழநீளக் கம்பித் துண்டு ஒன்று தொங்குகிறது. மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த இரும்புக் கம்பி. ஒரு முனையை வளைத்துக் கண் வைத்திருக்கும்; அந்தக் கண்ணின் கழுத்தைச் சின்னச் செப்புக் குழாய் ஒன்று நசுங்கிப் பிடித்திருக்கும். மறுமுனை அறுந்து விளக்குமாறு மாதிரி விரிந்திருக்கும். புதிதாக வருகிற தோணிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “என்ன ஹாஜியார், பழைய இரும்புக்காரனுக்குப் போட மறந்துட்டீங்களா?” என்று நக்கலடிப்பார்கள். இருபது பேர் வேலை செய்கிற இந்தப் பட்டறையில், எல்லா இயந்திரத்தையும் விட அந்தத் துண்டுதான் எனக்குப் பெரிது.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கு சலாம் சொன்னவன். கனமூலையில் பிறந்து, தண்ணீர் இறைக்கும் மெஷினைக் கழற்றிப் பூட்டியே தொழில் பழகியவன். எனக்கு ஆரும் சொல்லித்தரவில்லை. கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் என் கை படாத தோணி எஞ்சின் குறைவு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை; சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தப் பெருமை உயிரோடு இருப்பதற்கு ஒரு மனிதருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அவரை ஊரே டொக்டர் என்று அழைத்தது. உண்மையில் அவர் அரசாங்க மருந்தகத்து அப்போதிக்கரி, டொக்டருக்கு ஒரு படி கீழே. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, என்னை விட மூன்று வயது இளையவர். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னை ‘நானா’ என்பார்.

சண்டை தொடங்கியிருந்த காலம். வடக்கே போகிற பாதையெல்லாம் மறித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இந்த மனிதர், மருந்தகத்துக்குப் பின்னால் இருந்த பழைய கொப்பராக் கொட்டிலில், தன் கையாலேயே ஓர் ஆகாயக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஆள் மட்டும் உட்காரலாம். அலுமினியக் குழாயில் எலும்பு, துணியில் இறக்கை, மூக்கில் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்த படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார். “இத வெச்சி எங்க போகப் போறீங்க டொக்டர்?” என்று கேட்டேன். “எங்கயும் இல்ல நானா. ஒருக்கா மேல போய், கடலைப் பாத்திட்டு இறங்கோணும். அவ்வளவுதான்,” என்றார். கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு வந்த சிக்கல் இந்தக் கம்பி. ஆகாயக் கப்பலின் வாலைத் திருப்புவதும் உயர்த்துவதும் கம்பிதான். அதன் முனையைக் கண்ணாக வளைத்துச் செப்புக் குழாய்க்குள் செலுத்தி நசுக்க வேண்டும். பிடி நழுவினால் வால் சொல் கேளாது, ஆள் பிணம், மையத்து. நசுக்குவதற்கென்றே நீளக் கைபிடி வைத்த ஆயுதம் ஒன்று வெளிநாட்டில் உண்டாம். அந்த விலைக்கு இங்கே ஒரு தோணியே வாங்கலாம். “இதுக்கா யோசிக்கிறீங்க? நான் செஞ்சி தாறன்,” என்றேன். இரண்டு இரும்புக் கட்டைகளை எடுத்தேன். அவற்றைச் சேர்த்துப் பிடித்து நடுவில் துளையிட்டால் ஒவ்வொன்றிலும் பாதிக் குழி விழும். குழிக்குள் செப்புக் குழாயை வைத்து, இருபக்கமும் போல்ட்டைப் போட்டு, கட்டைகள் ஒன்றையொன்று முட்டும் வரை முறுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆயுதம். எனக்கு அரை நாள் வேலை.

கண் வைத்த கம்பி ஆறு அந்தர் பாரம் தாங்க வேண்டும் என்று டொக்டர் கணக்குச் சொன்னார். உப்பு விளைகிற நாட்டில் பாரத்துக்கா பஞ்சம்? மூட்டை ஒன்று ஓர் அந்தர், ஐம்பது கிலோ. மூட்டை அடுக்குகிற பக்கத்து உப்பு வாடியின் கூரை வளையில் கம்பியைக் கட்டி, அடியில் கொக்கி போட்டு, மூட்டைகளைக் கொளுவினேன். வழக்கமாக ஒரு மூட்டைக்கு இரண்டு பேர் கை கொடுப்பார்கள். நான் ஒற்றையாளாக, ஒரே மூச்சில், ஆறையும் நெஞ்சுக்குத் தூக்கிக் கொளுவினேன். “பாத்தீங்களா டொக்டர், கனமூலைச் சோறு!” என்று தொடையிலும் தட்டிக்கொண்டேன். கம்பி அசையவில்லை. டொக்டர் என் கையைப் பிடித்து, “நானா, நீங்க செஞ்சா எனக்குப் பயமில்ல,” என்றார்.

மூன்றாம் நாள் காலை, உப்பளத்துக்குப் பின்னால் காய்ந்து கிடந்த வெளிக்கு அந்தக் கப்பலைத் தள்ளிக்கொண்டு போனோம். ஊரே வந்துவிட்டது. டொக்டர் ஏறி உட்கார்ந்து வாரைக் கட்டினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் கூட்டத்துக்கு முன்னால் நின்று, கம்பியைப் பற்றியும் என் ஆயுதத்தைப் பற்றியும் ஒற்றைக் கையால் தூக்கிய மூட்டைகளைப் பற்றியும் அளந்துகொண்டிருந்தேன். உப்பு அள்ளுகிற ராத்தா ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: “போங்க நானா! மாரி முழுக்க வாடியில கெடந்து அழுத மூட்டையத் தூக்கிப்போட்டு, பயில்வான் கதை கதைக்க வந்துட்டார். அத என்ட மகளும் தூக்குவாள்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் காதுக்குள் எஞ்சின் சத்தமும் அடங்கிப்போனது.

உப்பு அழும் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஈரத்தோடு கட்டிய மூட்டை, கிடக்கக் கிடக்கத் தண்ணீரை வடித்துவிடும். மழைச்சாரல் பட்டால் உப்பும் கரைந்து ஓடும். வழமையாக ஒரு மாதத்துக்குள் லொறி வந்து ஏற்றிவிடும், அதனால் மூட்டை என்றால் அந்தர் என்றே நாங்கள் பேசிப் பழகியவர்கள். அந்த வருடம் சண்டையால் லொறி ஓடவில்லை. நான் ஒற்றையாளாகத் தூக்க முடிந்தது என் பலத்தால் அல்ல. மூட்டையில் பாரம் இல்லை. அது தெரிய வேண்டிய கைதான் தொடையில் தட்டிக்கொண்டு நின்றது.

ராத்தா பகிடிக்குத்தான் சொன்னாள். அதன் பொருள் அங்கே என்னைத் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கம்பி ஒருவேளை தாங்கவும் கூடும் என்று மனசு ஒரு கணம் சொன்னது, பொய் சொல்ல மாட்டேன். அதற்குள் கப்பலின் சில்லுகள் உருளத் தொடங்கின. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். வாலை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். உப்பு மண் முழங்காலைக் கிழித்தது. “நிப்பாட்டுங்க டொக்டர்! நான் அளந்தது பொய்! மூட்டையில பாரமில்ல!” என்று ஊர் கேட்கக் கத்தினேன்.

டொக்டர் எஞ்சினை நிறுத்தினார். வாரை அவிழ்த்து இறங்கினார். கூட்டம் ஊளையிட்டது. அவர் என் முழங்காலைத்தான் முதலில் பார்த்தார். “இதுக்கு மருந்து போடோணும். பிறகு வாங்க, நிறுப்பம்,” என்றார்.

தராசில் வைத்தோம். ஒரு மூட்டையும் முக்கால் அந்தரைத் தொடவில்லை. மறுபடி கம்பியில் கொளுவினோம். ஏழாவது மூட்டையைப் போட்டதும், ஆறு அந்தர் ஆகுமுன்னமே, செப்புக் குழாய்க்குள்ளிருந்து கம்பி பாம்பு மாதிரி மெல்ல நழுவி வெளியே வந்தது. என் துளையலகு பழையது, தேய்ந்துபோனது. அது தடுமாறிக் குழியை மயிரளவு பெரிதாக்கிவிட்டது. கட்டைகள் முட்டிக்கொண்டன, செப்பு முழுதாக நசுங்கவில்லை. தரையில் விழுந்து கிடந்த மூட்டைகளை டொக்டர் குனிந்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். ஒரு வார்த்தை ஏசவில்லை. “இன்னொண்டு செய்யுங்க நானா. நீங்கதான் செய்யோணும்,” என்றார். ஊரே என்னைப் பார்த்துச் சிரித்த அன்றைக்கு அவர் அப்படிச் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். ஒன்றும் அதற்கு நிகரில்லை.

சிலாபத்துக்குப் போய்ப் புது அலகு வாங்கி வந்து, இரண்டாவது ஆயுதத்தைச் செய்தேன். கொண்டு போன அன்று கொட்டில் வாசலில் பொலிஸ் ஜீப் ஒன்று நின்றது. சண்டைக் காலத்தில் பறக்கிற சாமான் ஒன்றும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஒரு கிழமைக்குள் கழற்றிவிட வேண்டும் என்று கடதாசி கொடுத்துவிட்டுப் போனார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். டொக்டர் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. “அண்டைக்கு நான் வாய மூடிட்டு இருந்திருந்தா, நீங்க ஒருக்காவாவது பறந்திருப்பீங்களே டொக்டர்,” என்றேன்.

“ஓம் நானா, பறந்திருப்பன்,” என்றார். “இறங்கியிருக்க மாட்டன்.”

பிறகு, கழற்றப் போகிற கப்பலுக்கு எதற்கு என்று நான் கேட்கக் கேட்க, புதுக் கம்பியில் என்னைக் கொண்டே கண் வைக்கச் செய்தார். வாடியில் கட்டினோம். இந்தமுறை மூட்டை மூட்டையாகத் தராசில் நிறுத்து, குறைந்ததற்கு உப்பு அள்ளிப் போட்டு, இரண்டு பேராகத் தூக்கினோம். ஆறு அந்தர் நின்றது. ஏழு நின்றது. எட்டும் நின்றது. ஒன்பதாவதில் வெடி போட்ட மாதிரிச் சத்தம். கம்பி நட்ட நடுவில் அறுந்தது. செப்புக் குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. டொக்டர் அறுந்த துண்டை எடுத்து என் கையில் வைத்தார். “ஆரும் உங்கட வேலையப் பத்திக் கேட்டா, இதைக் காட்டுங்க. கதை வேண்டாம்.”

அடுத்த வருடம் அவருக்கு மாற்றம் வந்தது. மலைநாட்டுப் பக்கம் போனார். அங்கேயே காலமானார் என்று பிறகு கேள்விப்பட்டேன், ஒருநாளும் பறக்கவில்லை. அந்த இரண்டு கட்டைகளை வைத்துத்தான் தோணிகளுக்குச் சுக்கான் கம்பி கட்டத் தொடங்கினேன், அதிலிருந்துதான் இந்தப் பட்டறை எழுந்தது. ஒரு கம்பியும் நிறுத்த பாரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்காமல் இங்கிருந்து போனதில்லை. இன்றைக்கு அதே கடலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு மேலே போகிறார்கள், கடலைப் பார்க்கிறார்கள், இறங்குகிறார்கள். அவர்களிடம் ஆரும் கடதாசி நீட்டுவதில்லை. கொக்கி தேய்ந்தால் என் மகனிடம் கொண்டு வருகிறார்கள். அவனும் பாரம் நிறுத்துக் கட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறான்.

பழைய இரும்பு என்று நக்கலடிக்கிறவர்களுக்கு ஆணியிலிருந்து துண்டை எடுத்துக் காட்டுவேன். எங்கே அறுந்தது, எங்கே அறவில்லை என்று விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். டொக்டர் கதை வேண்டாம் என்றார். அந்த ஒன்றில் மட்டும் நான் அவர் சொல் கேட்பதில்லை.