கம்ப்யூட்டர் அளந்த தண்ணீர்

1997 மே 12, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் பாக்கெட் வாங்கினேன். ஷேவ் செய்தேன். பேப்பர் வரவில்லை, நேற்றையதையே மறுபடி படித்தேன். ஆறரைக்குக் குடங்களோடு தெருமுனைக்குப் போனேன். கள்ளிக்குப்பத்தில் கோடை என்றால் லாரித் தண்ணீர்தான்.

அன்று கூடுதல் விசேஷம் — எங்கள் குடியிருப்போர் சங்கம் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது!

அதுவரை முழங்கையில் பலமுள்ளவருக்கு நிறையத் தண்ணீர், இல்லாதவருக்கு மிச்சம். இனி தலைக்கு இத்தனை குடம் என்று கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்கும். செயலாளர் தனசேகர் வீட்டு ஹாலில், சந்தனம் குங்குமம் இட்டு, பூப்போட்ட துணி போர்த்தி வீற்றிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தரிசனம்.

வீட்டுக்கு எத்தனை தலை என்று அதற்கு எப்படித் தெரியும்? ரேஷன் கார்டைப் பார்த்து ஏற்றினார்கள். கவர்ன்மென்ட் சீல் போட்டதாயிற்றே... பொய் சொல்லுமா?

ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தைப் பிரித்து, தனசேகர் வீடு வீடாக வாசித்தார்.

"எட்டாம் நம்பர். ஆளுங்க... பூஜ்யம்."

எட்டாம் நம்பர் செல்வி கைக்குழந்தையோடு முன்னால் வந்தாள். திருநெல்வேலிப் பெண். கணவனுக்கு ஆவடி பாக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் இங்கே வாடகைக்கு இருக்கிறார்கள்.

"என்ன அண்ணாச்சி, மூணு பேரு இருக்கோம்லா? கார்டு ஊர்ல மாமியார்ட்ட கெடக்கு. பிள்ளைக்கு நேத்துலருந்து வயித்தால போவுது. துணி அலசக்கூடத் தண்ணி இல்ல."

"நான் இன்னாம்மா பண்றது? கம்ப்யூட்டர்ல நீ இல்லியே."

லாரியில் குழாய் பிடித்திருந்த முனுசாமி எட்டிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, கொயந்த கத்தறது எனுக்கே கேக்குது. உன் பொட்டிக்குக் கேக்கலியா?"

தனசேகர் காது கொடுக்கவில்லை. அடுத்தது அவர் வீடு. "ஒம்பதாம் நம்பர், அஞ்சு பேர்."

முனுசாமி விடவில்லை. "அஞ்சாவது ஆரு? உங்க நைனா போய்ச் சேந்து வருசக்கணக்காச்சே!"

கார்டில் பெயரை அடித்தால் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் குறையும். ஆகவே எங்கள் தெருவில் யாரும் சட்டென்று சாவதில்லை.

கூட்டம் சிரித்தது. தனசேகர் சிரிக்கவில்லை. "ஆளாளுக்குக் கையால திருத்துனா அப்புறம் கம்ப்யூட்டர் இன்னாத்துக்கு?"

என் பங்கில் ஒரு குடத்தைச் செல்விக்கு ஊற்றினேன். தினமும் ஊற்ற முடியுமா? என் வீட்டிலும் உயிரோடு ஆட்கள் இருக்கிறார்களே! தனசேகரின் மனைவி லோகு, மாமனார் பங்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார். விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு நானும் வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை லாரி வந்து நின்றதும், முதல் ஆளாக லோகுதான் போய் நின்றார். தன் குடத்தை ஒதுக்கி வைத்தார்.

"அண்ணே, மொதல்ல எங்க மாமனார் பங்க ஊத்து. செல்வி, உன் கொடத்த வை."

தனசேகர் மனைவியைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். பிறகு அப்பா பெயருக்கு நேரே டிக் அடித்தார்.

கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு சொட்டுகூட உதைக்கவில்லை!