கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பிழை

பட்டு நூலில் சிவப்பு எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே சொல்லும் சூத்திரம்தான் என் ஆராய்ச்சி. படிப்பு ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில், அளவெடுப்பு பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றில். சாயத்தின் எடை, சூடு, நேரம் என்று மூன்று காரணங்களை வைத்தபோது சூத்திரம் சுமாராகப் பொருந்தியது. எனக்குச் சுமார் என்றாலே எரிச்சல். ஈரப்பதம், விறகு, கிளறும் ஆள் என்று சேர்த்துக்கொண்டே போனேன். சேர்க்கச் சேர்க்கப் பொருத்தம் கூடியது. ஒன்பதாவதாக, நோட்டில் 'தாமதம்' என்றிருந்த வரிசையையும் போட்டேன். புள்ளிகள் எல்லாம் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டறை நடத்தும் அக்கா மசியவில்லை. "நாளைக்கு அமாவாசை, லீவு. அதுக்கு மறுநாள் எப்பவுமே சேப்பு தூக்கலா ஏறும்மா. அத்த எழுதிக்கினியா?"

"அதெல்லாம் சயின்ஸ் இல்லக்கா."

"அப்டியா? மறுநாள் உன் கணக்குப்படியே போடுறேன். முகூர்த்தப் பட்டு. கெட்டுச்சுனா நீதான் கட்டிக்கினு போவணும்."

கெட்டது. சிவப்பு அளவுக்கு மீறி ஏறி, கல்யாணச் சிவப்புக்குப் பதிலாகக் கத்தரிக்காய் நிறம் வந்தது. அக்கா நூலை உதறிக் கொடியில் போட்டுவிட்டு அடுத்த தொட்டிக்குப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். நூலைத் தொட்டியிலிருந்து எடுத்து அலசுவதற்குள் ஆகும் தாமதம் என்று நான் நினைத்த வரிசை, ஏனாத்தூர் பஸ் தினமும் எவ்வளவு லேட் என்று கோபத்தில் குறித்துவைத்தது! அதைச் சேர்த்தபோதும் பொருத்தம் கூடியிருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது. எந்தக் குப்பையைச் சேர்த்தாலும் சூத்திரம் பழைய நாட்களை நன்றாக மனப்பாடம் செய்துகொள்ளும், அவ்வளவுதான்.

கடைசி இரண்டு மாத அளவுகளை மறைத்துவிட்டு, மீதியை மட்டும் சூத்திரத்துக்குக் கொடுத்து, மறைத்ததைச் சொல்லச் சொன்னேன். ஒன்பது காரணங்களும் சேர்ந்து உளறின. முதல் மூன்றை மட்டும் வைத்தபோது ஓரளவு சரியாகச் சொன்னது. வேண்டாவெறுப்பாக அமாவாசையைச் சேர்த்தேன். மறைத்த நாட்களுக்கும் இன்னும் கிட்டே வந்தது. தறிக்கு அன்று லீவு, பட்டறைக்கும் லீவு. தொட்டித் தண்ணீர் ஒரு நாள் கூடுதலாகத் தெளிகிறது; தெளிந்த தண்ணீரில் சாயம் கூடுதலாக ஏறுகிறது. ஆறு மாதம் அந்தத் தொட்டிப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.

ஆய்வேட்டில் இந்த அத்தியாயம் தேறாவிட்டால் இன்னொரு வருடம் அந்த ஏனாத்தூர் பஸ்ஸில்தான். கருத்தரங்கில் தேர்வாளர் கேட்டார்: "உங்க முதல் மாடல்ல பிழை எவ்வளவு வந்துச்சு?"

கட்டியிருந்த கத்தரிக்காய்ப் பட்டின் முந்தானையை விரித்துக் காட்டினேன்.