சவரிமுத்து அண்ணன் தண்ணீரைப் பார்த்தார்

ஆவுடையார்கோவிலில் ஓர் ஆயில் என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தேன். இலுப்பூரிலிருந்து வந்த லாரி டிரைவர் கீழே இறங்காமலே செய்தியைச் சொன்னார். வைரவன் முதலாளி வீட்டுப் பாய்லர் அமுங்கி ஆவி சீறிவிட்டது, அதற்குத் தீப்போடுகிற சவரிமுத்து வெந்து செத்துப்போனார், தண்ணீர் வற்றியதை அவர் பார்க்கவில்லையாம். சாவோடு பழியும் ஒரே லாரியில் வந்து இறங்கியது. சாவை நம்பினேன். பழியை நம்பவில்லை.

அவரோடு பழகிய உங்களுக்கு நான் ஏன் நம்பவில்லை என்பது தெரியும். நின்ற இடத்தில் சும்மா நிற்க மாட்டார். பேசிக்கொண்டே இருந்தாலும் கண் பாய்லரின் மட்டக்கண்ணாடியில்தான் இருக்கும். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை அந்தக் கண்ணாடிக்குழாய்தான் வெளியே காட்டும். கட்டுமாவடிக்காரர். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்து அவர் பேசியதைக் கேட்டால், கடலில் இருக்கிற மீனெல்லாம் அவரைக் கேட்டுத்தான் வலையில் விழும் என்று தோன்றும். பாதி பொய். பாய்லர் பக்கம் வந்துவிட்டால் ஒரு பொய்யும் வராது.

வைரவன் வீட்டுக் கொல்லையில், சமையற்கட்டை ஒட்டி நிற்கிறது அந்தப் பாய்லர். அவருடைய தகப்பனார் நெல் அவிக்க வாங்கி வைத்தது. சென்ற அறுவடையின்போது அடித்தையலில், தகடுகள் சேர்கிற இடத்தில், தண்ணீர் கசிகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். தகடு மண்சட்டி போலச் சத்தம் கொடுத்தது. மாற்றுங்கள், இது தாங்காது என்று நேராகச் சொன்னேன். யுத்த காலத்தில் புதிய பாய்லருக்கு எங்கே போவது, யுத்தம் முடியட்டும், அதுவரைக்கும் ஓர் ஒட்டுப் போடுங்கள் என்றார் முதலாளி. பழையதில் நல்லது ஒன்று திருச்சியில் கிடைக்கும், நானே பார்த்து வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். தகப்பனார் வைத்ததை எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்றார்.

சவரிமுத்து அண்ணன் அடுப்பு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒட்டுப் போட எடம் இருந்தா போடலாங்க. இதுல ஒட்டுக்கு மேல ஒட்டுதான் இருக்கு. நடுவுல பாய்லரக் காணோம்."

நெல் அவிக்கும் சின்னம்மாள் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. நான் ஒட்டுப் போட மாட்டேன் என்று பையைத் தூக்கினேன். "நீங்களும் வாங்கண்ணே, வேற வேலையா கெடைக்காது?" என்றேன்.

"நான் போனா எவனையாவது கொண்டாந்து நிப்பாட்டுவாரு. இது அழுவுறது அவனுக்குக் காதுல விழாது. நீ போ தம்பி. ஒனக்குக் கோவம் வந்தா கொதி எறங்க நேரமாகும்."

செய்தி கேட்டதும் வேலையை அப்படியே போட்டுவிட்டு இலுப்பூருக்குத் திரும்பினேன். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்தோம். அங்கே முதலாளி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்லவந்தான். கண்ணசந்துட்டான், பாவம்." மாலை வாங்கிப் போட்ட கை இன்னும் ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, பாய்லரை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள், தேற்ற முடியுமா என்று கேட்டார். மண் போட்டு ஒரு நாழிகை ஆகவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் அண்ணனுடைய சுத்தியலை அவர் வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். முதலில் மட்டக்கண்ணாடியைக் கழற்றினேன். தண்ணீர் பாதிக்கு மேல் அப்படியே நின்றது, கொட்டவில்லை. பாய்லரோ உள்ளே காய்ந்து கிடந்தது. குழாயின் அடி வாயில் தவிடு அடைத்திருந்தது. அடுப்புத் தகட்டின் மேலும் தவிடு, கருகிப் பாளம் பாளமாக.

சின்னம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொல்லையில் இருந்த எல்லோர் காதிலும் விழும்படி அவர் சொன்னார்: "காலையிலயே கண்ணாடிக் குழாயத் தொறந்து விட்டுப் பாத்தாரு. அப்பறமும் பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. என்னமோ மாதிரி சத்தம் வருது, அங்கிட்டுப் போங்க ஆத்தான்னு எங்கள வெரட்டிட்டு அவரு நெருப்ப வெளிய இழுத்தாரு. இழுக்கையிலதான் அமுங்குச்சு."

தவிடு எப்படி வந்தது என்று முதலாளியைக் கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் பதில் வந்தது. "ஞாயித்துக்கெழம அவன் கோயிலுக்குப் போயிருந்தான். தவிட்டுக் கஞ்சி காச்சி ஊத்துனேன். எங்கப்பா காலத்துலயும் கசிவு வந்தா அதான் வைத்தியம். நின்னுச்சுல்ல?"

"அவர்ட்ட சொன்னீங்களா?"

"அவங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

கசிவு நின்றது உண்மைதான். கஞ்சி துளையை அடைத்தது. கொதி ஏறியபின் கண்ணாடியின் வாயையும் அடைத்தது. தண்ணீர் குறையக் குறைய, குறையவில்லை என்று அது பொய் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணசரவில்லை. அவருக்குக் காட்டியது பொய்.

பாய்லர் தேறுமா என்று முதலாளி மறுபடி கேட்டார். தேற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெட்டுளியை வைத்து அடித்தேன். மேல் தகட்டிலிருந்து அடிவரைக்கும் கிழித்தேன். அவர் கத்தினார். ஒருவரும் என் கையைப் பிடிக்க வரவில்லை. இனி எந்தக் கொல்லனும் அதற்கு ஒட்டுப் போட முடியாது. செய்ததற்கு எனக்கு வருத்தமில்லை. அவர் மன்னிப்புக் கேட்டாலும் கொடுக்கிற நிலையில் நான் இல்லை.

அண்ணன் நினைவாக இரண்டு பொருள்கள் என்னிடம் இருக்கின்றன. சுத்தியல் வேலைக்கு. தவிடு அடைத்த கண்ணாடியை என் பட்டறை வாசலில், நிற்கிற ஆளின் கண் உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சவரிமுத்து எப்படிச் செத்தார் என்று கேட்கிறவர்களுக்கு அதைக் காட்டுகிறேன். முதலாளியின் வில்வண்டி கடைத்தெருவுக்குப் போக வேறு வழி கிடையாது. தினமும் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டு போகிறார். போகட்டும். அவர் பார்க்கிற வரைக்கும் அது அங்கேயே தொங்கும்.