அம்மா தொடாத பால்

எங்கள் வீட்டில் தயிர் பரிமாறுவது அம்மாதான். அவள் தட்டில் மட்டும் தயிர் விழாது. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக நான் வயிற்றில் வந்தபோது காந்திமதி அம்மன் சன்னிதியில் நின்று, இந்தப் பிள்ளை நிலைத்தால் ஆயுசுக்கும் பால், தயிர், மோர், நெய் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டாள். நான் பிறக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை, அன்றைக்கே விட்டுவிட்டாள். பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நிற்கிற ஆள் அவள்.

நாங்கள் சைவம். முட்டைகூட வாசல் ஏறாது. ஆகவே அவளுக்கு மிஞ்சியது சோறும் குழம்பும் ரசமும் கடுங்காப்பியும்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் நானும் சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்காக ஒருத்தி பாலையே விட்டிருக்கிறாள் என்பது சின்ன விஷயமா?

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து நான் உண்டானேன். மசக்கை தாங்காமல் டவுணில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு ஒட்டடைக்குச்சி உடம்பு. ஐந்தாம் மாதம் இரத்தம் பார்த்ததில் சர்க்கரை என்றார்கள். சர்க்கரை வியாதியெல்லாம் அல்வாக்கடை முதலாளிகளுக்கு வருவது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் அம்மாதான் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தால் அவளுக்கு ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அதை டாக்டரிடம் சொல்லிச் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவளை உட்காரவைத்துப் பாதத்தைத் தொட்டுத் தொட்டு உணர்வு தெரிகிறதா என்று கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு சிவந்து வழுவழுவென்று இருந்தது. என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டதும் அம்மா தன் நேர்ச்சையைச் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே.

அம்மாவின் இரத்தத்தையும் சோதித்துவிட்டு, அடுத்த வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பி-12 என்கிற வைட்டமின் செடிகொடியில் கிடையாது, சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி, உங்கள் அம்மாவுக்கு அது மிகக் குறைந்துபோயிருக்கிறது, கால் மரத்துப்போனதும் அதனால்தான், ஊசி போட வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"உங்களச் சொமந்தப்பவும் அவங்களுக்கு இது குறைவாத்தான் இருந்திருக்கும். வயித்துல சத்து சரியாக் கிடைக்காத பிள்ளைகளுக்குப் பின்னால, ஒல்லியா இருந்தாலும், சர்க்கரை வரலாம்னு இப்ப சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க. உங்களுக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நீங்க பால விட்டுராதீங்க."

இதை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று முடிவுசெய்தேன். ஊசியைப் பற்றி மட்டும் சொன்னேன். அவளும் மறுக்கவில்லை, நேர்ச்சையில் ஊசி வராது அல்லவா.

ஆனால் மறுநாள் காலை எனக்குப் பாலுக்குப் பதில் கடுங்காப்பி வந்தது.

"ஒனக்கும் சேத்து நேந்துக்கிட்டேன்ட்டி. நீயும் பால விட்டுரு. சீனியெல்லாம் ஓடிரும். பிள்ளை நல்லாப் பொறக்கும்."

"டாக்டர் பால் குடிக்கச் சொல்லுதாங்கம்மா."

"அவங்களுக்கு என்ன தெரியும்? நீ எப்படித் தங்குனன்னு எனக்குல்லா தெரியும்."

எனக்கு வாய் நீளம். "நீ பால விட்டதுலதான் எனக்கு இந்தச் சீனியே வந்திருக்கு" என்றேன். டாக்டர் காட்டிய தயக்கத்தில் கால்வாசிகூட நான் காட்டவில்லை.

அம்மா அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துப் பால் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். நிச்சயமில்லையாம், அப்பா வழியில்கூட இருக்கலாமாம், கோபத்தில் உளறிவிட்டேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

தன் நேர்ச்சையை அவள் கடைசிவரை மீறவில்லை. மீறினால் எனக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம் ஒருபுறம், அதனால்தான் எனக்கு ஆனது என்ற துக்கம் ஒருபுறம். இரண்டாவதை அவள் தலையில் ஏற்றிவைத்தவள் நான்தான்.

மகள் பிறந்தாள். குளிப்பாட்டித் துவட்டிய பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள்.

"இவளுக்கும் சீனி வருமாட்டி?"

"வராதும்மா" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பைய என்னிடம் கொடுத்தாள். அதன்பிறகு நானாகக் கொடுத்தால் ஒழிய அவள் என் மகளைத் தூக்கியதில்லை.