இடது பக்கத்து ஜெட்

எங்க அப்பா வண்டியை என்னைத் தவிர வேற யாரு தொட்டாலும் எனக்குப் பிடிக்காது. கூடப் பிறந்த தம்பி தொட்டாலே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவேன். அவன் பொண்டாட்டி தொட்டா எப்படி இருக்கும்னு சொல்லவும் வேணுமா?

அது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. ரெண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒண்ணா ரெண்டு கார்பரேட்டர், ரெண்டு சைலன்சர். காரைக்குடியில நகை ஆசாரியா இருந்த அப்பா தனக்குன்னு ஆசைப்பட்டு வாங்கினது அது ஒண்ணுதான். அவருக்குக் கை நடுக்கம் வந்த பிறகு பட்டறை என்கிட்ட வந்துச்சு, வண்டியும் வந்துச்சு. நான் கல்யாணமாகி ரெண்டு தெரு தள்ளிப் புருசன் வீட்டுல இருக்கேன். இருந்தாலும் தினம் காலையில அப்பா வீட்டுப் பட்டறையில வந்து உக்காந்துடுவேன். அறுந்த செயினைப் பத்த வைக்கிறது, தோட்டுக்குத் திருகாணி மாத்துறது, மணி கோக்குறது, இதுதான் என் பொழப்பு.

வருசா வருசம் மாசிக் களரித் திருவிழாவுக்கு அப்பா அந்த வண்டியிலதான் குலசாமி கோயிலுக்குப் போவாரு. நாச்சியாபுரத்துக்கு அங்குட்டு இருக்கு கோயில். ஆறு வருசமா அவரைப் பின்னாடி உக்கார வச்சு நான் ஓட்டிட்டுப் போனேன். கட்டிக் குடுத்த பொண்ணுக்கு அந்தக் கோயில்ல ஒண்ணும் கிடையாது. வரி கிடையாது, பொங்கப் பானை கிடையாது. புருசன் வீட்டுச் சாமிதான் இனி என் சாமி. பங்காளிக யாரும் போகாதேன்னு சொல்லல, ஆனா வான்னும் யாரும் கூப்பிடல. வண்டி ஓட்டுற சாக்குலதான் நான் அந்த வாசல்ல போய் நின்னேன். அந்தச் சாக்கு போச்சுன்னா எனக்கு அங்க வேலையில்ல.

தம்பி சிங்கப்பூர்ல இருக்கான். அவன் பொண்டாட்டி அப்பாவோட இருக்கா. திருப்பத்தூர்ப் பக்கத்துல வெள்ளாமை பாக்குற சம்சாரி வீட்டுப் பொண்ணு, டிராக்டரும் டீசல் மோட்டாருமா வளர்ந்தவ. வந்து மூணு வருசத்துல அப்பாவுக்குச் செல்லமாயிட்டா. என்னை மட்டும் "ஆத்தா"ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்த மனுசன் அவளையும் ஆத்தாங்கிறாரு. ஒரு நாள் வாசல்ல இருந்து "ஆத்தா"ன்னாரு, நான் பட்டறையில இருந்து எந்திரிச்சேன், அவ அடுப்படியில இருந்து வந்துட்டா. அவளைத்தான் கூப்பிட்டிருக்காரு. அசடு வழிய உக்காந்து மறுபடி மணி கோத்தேன்.

தையில வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சுச்சு. இடது சிலிண்டர் விட்டு விட்டு அடிச்சுச்சு. கார்பரேட்டரைக் கழட்டினேன். ஜெட்ல தூசி அடைச்சிருந்துச்சு. ஜெட்டுங்கிறது பித்தளையில திருகாணி மாதிரி ஒரு சின்னச் சாமான். நடுவுல முடி நுழையிற ஓட்டை, அது வழியாத்தான் பெட்ரோல் ஏறணும். வாயால ஊதினாப் போதும். நான் என்ன செஞ்சேன்? பட்டறைத் தட்டுல இருந்து எஃகு ஊசியை எடுத்தேன். தங்கக் குண்டுமணியில நூல் ஏறலைன்னா அந்த ஊசியை விட்டு ரெண்டு திருகு திருகுவோம். கை தன்னால அதைத்தான் செஞ்சுச்சு. ஓட்டை பளபளன்னு ஆயிருச்சு, எனக்குப் பெருமை தாங்கல.

மாட்டினதும் சிலிண்டர் அடிச்சுச்சு. ஆனா ரேஸ் பண்ணினா இடது பக்கம் திக்குச்சு, கரும்புகை கக்குச்சு. பிளக்கைக் கழட்டினா ஈரக் கரி. புது பிளக் போட்டேன், ரெண்டு நாள்ல அதுவும் கரி. பிளக்குக்குக் கரண்ட் விடுற பாயிண்டை நகை அரத்தால தேய்ச்சு மினுக்கினேன். வயரை மாத்தினேன், டேங்கைக் கழுவினேன். ஜெட் பக்கம் மட்டும் போகல. அதைத்தான் நானே சுத்தம் பண்ணிட்டேனே. களரிக்கு ஒரு வாரந்தான் இருந்துச்சு.

அன்னைக்குக் காலையில அவ துணி காயப் போட்டுட்டு வந்து பக்கத்துல குத்த வச்சா. "மதினி, நான் ஒரு தடவ பாக்கட்டுமா?"ன்னா. அப்பா நாற்காலியில இருந்து "பாரு ஆத்தா"ன்னுட்டாரு. நான் நகந்து உக்காந்தேன்.

அவ எதையும் தேய்க்கல. இடது வலது பிளக்கை இடம் மாத்திப் போட்டு ஓட்டினா. அப்பவும் கரி இடது பக்கமேதான். சரி, கோளாறு பிளக்ல இல்லைன்னு சொன்னா. அடுத்து ரெண்டு ஜெட்டையும் இடம் மாத்தினா. இப்ப வலது பக்கம் திக்குச்சு, வலது பக்கம் புகைஞ்சுச்சு. அப்ப கோளாறு ஜெட்லதான். நான் மூணு வாரம் மாரடிச்சதை அவ முக்கால் மணி நேரத்துல முடிச்சுட்டா.

அப்பாவோட பூதக்கண்ணாடியை வாங்கி ரெண்டு ஜெட்டையும் வெயில்ல பிடிச்சுப் பாத்தா. அப்புறம் பட்டறைத் தட்டுல கிடந்த ஊசியைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. எஃகு ஊசி பித்தளையைச் செதுக்கிருச்சுன்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு. அப்பாகிட்ட, ஒரு ஜெட்ல ஓட்டை பெருசா இருக்கு, பெட்ரோல் கூடுதலா ஏறுதுன்னு மட்டும் சொன்னா.

அப்பா மூஞ்சி தொங்கிருச்சு. மெதுவாச் சொன்னாரு. வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்ச புதுசுல ஒரு மத்தியானம் வீட்டுல யாரும் இல்லாதப்ப அவரே கார்பரேட்டரைத் திறந்தாராம். சின்னதா ஒரு கம்பியை விட்டுப் பாத்தாராம். கை ஆடுச்சாம்.

"நான்தான் கெடுத்துட்டேன்"ன்னாரு. "இனி இந்தக் கை எதையும் தொடக் கூடாது."

கையை வேட்டியில துடைச்சுக்கிட்டு, பூதக்கண்ணாடியை டப்பாவுல வச்சு மூடினாரு. ஊருக்கெல்லாம் தாலி செஞ்ச கை அது. அப்பா, அது நான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஆனா அவ அங்க உக்காந்திருக்காளே. அவ முன்னால, அவ கண்டுபிடிச்ச குத்தத்தை நான் ஒத்துக்கவா? அந்த வீம்புல பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அவ என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. நான் தரையைப் பாத்தேன்.

"நீங்க இல்ல மாமா, நான்தான்"ன்னா அவ. "மதினி இல்லாதப்ப ஊசியை விட்டுத் திருகிட்டேன். பயந்துக்கிட்டு சொல்லல."

அப்பா அவளை ஒரு நிமிசம் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, அப்படி அவர் சிரிச்சு எத்தனை வருசமாச்சு. அவ தலையில கையை வச்சு, "போடி கழுதை, ஆசாரி வீட்டுக்கு வந்து ஆசாரிப் புத்தி ஒட்டிக்கிச்சு"ன்னாரு. கோவமே இல்ல. டப்பாவைத் திறந்து பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்துக்கிட்டாரு. அந்தக் கை என் தலையில இருந்திருக்க வேண்டிய கை. செஞ்சது நான், மன்னிப்பு அவளுக்குப் போச்சு. அவ எனக்காகப் பழி ஏத்துக்கிட்டதுக்கு நன்றி வரல எனக்கு. பொறாமைதான் வந்துச்சு.

மறுநாள் திருப்பத்தூர்ல ஒரு பழைய சாமான் கடையில தேடி அதே நம்பர் ஜெட் வாங்கிட்டு வந்தா. மாட்டி ஒரே உதை. ரெண்டு சைலன்சரும் ஒரே குரல்ல பேசுச்சு, திக்கல் இல்ல, கரும்புகை இல்ல. அப்பா காதைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, கெடுத்தவளே சரி பண்ணிட்டா, அதனால இந்த வருசம் அவளே ஓட்டட்டும்னாரு. விளையாட்டாத்தான் சொன்னாரு. என்னைப் பாத்து, நீயும் பாவம் எத்தனை வருசம் அலையுவ, உன் வீட்டுச் சாமியைக் கும்பிடப் போ ஆத்தான்னாரு.

களரியன்னைக்குக் காலையில வழியனுப்பப் போனேன். அப்பா பட்டுத்துண்டைத் தோள்ல போட்டு பின்னாடி ஏறி உக்காந்துட்டாரு. அவ எஞ்சினை ஓட விட்டுட்டு, தேங்காய்ப் பையை மறந்துட்டேன்னு இறங்கி உள்ள வந்தா. பை அவ கையிலதான் இருந்துச்சு.

"மதினி, இப்பவாச்சும் மாமாகிட்ட உண்மையைச் சொல்லிருங்க. சாவியை உங்ககிட்டக் குடுத்துட்டு நான் பங்காளிக வேன்ல வாரேன். நீங்க வராம மாமாவுக்கும் நல்லா இருக்காது."

வாசல்ல வண்டி அழகா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்பா எஞ்சின் பக்கம் குனிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தாரு. சொல்லியிருந்தா அஞ்சு நிமிசத்துல நான் அந்த சீட்டுல இருந்திருப்பேன்.

"நேரமாச்சு, கெளம்பு"ன்னேன்.

அதுக்கப்புறம் ரெண்டு களரி வந்து போயிருச்சு. அவதான் ஓட்டுறா. நான் போறதில்ல.