பாகீரதி எடுத்த கல்யாணப் படம்

எனக்கு வாய் ஜாஸ்தி. மாதுங்காவில எங்க பில்டிங்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவா. நாகலக்ஷ்மி பேச ஆரம்பிச்சா எதிராளி அடுப்புல வெச்ச பால் பொங்கி வழிஞ்சுடும்னு மாடிக்காரி கேலி பண்ணுவா. அப்பேர்ப்பட்டவ நாலு வருஷமா ஒரு விஷயத்தை மாத்திரம் யார்கிட்டயும் சொல்லலை. இன்னிக்குச் சொல்லிடறேன். இல்லாட்டா நெஞ்சு வெடிச்சுடும்.

பாகீரதி என் ஓர்ப்படி. என் ஆத்துக்காரர் மகாதேவனோட தம்பி சங்கரனோட பொண்டாட்டி. சங்கரன் ரயில்வேயில குமாஸ்தா. ஞாயித்துக்கிழமையானா மூணு கால் ஸ்டாண்டு, கறுப்புத் துணி, படம் விழற கண்ணாடி பிளேட்டுன்னு தோள்ல மாட்டிண்டு படம் எடுக்கக் கிளம்பிடுவான். கூடமாட நின்னதுல இவளும் கத்துண்டா. ஸ்நான அறையை இருட்டாக்கிண்டு இவ பிளேட் கழுவினா அவனைக் காட்டிலும் படம் சுத்தமா வரும். அவனே சொல்லியிருக்கான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டுல டைபாய்டு வந்து அவன் போயிட்டான். இவளுக்கு இருபத்தெட்டு வயசு. பொண்ணு சுப்புலக்ஷ்மிக்குப் பத்து. ரெண்டு பேரும் எங்களோட வந்து சேர்ந்தா.

பாகீரதிக்குச் சமையலுள்ளுக்குப் பின்னாடி ஸாமான் அறை. அரிசி மூட்டைக்கும் காமிராப் பெட்டிக்கும் நடுவில அவ பாய். ஜன்னல் கிடையாது. பம்பாய் மே மாசத்துல அந்த அறைக்குள்ள அஞ்சு நிமிஷம் நின்னா ரவிக்கை முதுகோட ஒட்டிக்கும். அவ ஒருநாள் கூட 'அப்பாடா, புழுங்கறதே'ன்னு சொன்னதில்லை. யார்கிட்டச் சொல்லுவா? நான் பேசவிட்டாத்தானே!

அப்பறம் ஒரு வழக்கம் ஆரம்பிச்சுது. மூணாம் மாடி மாமா போனப்போ, ஊர்ல இருக்கற பிள்ளைகளுக்குக் கடைசி முகம் காட்டணும்னு அவாத்துல தவிச்சா. 'பாகீரதி எடுப்பாளே'ன்னு நான்தான் சொன்னேன். அதுலேர்ந்து சாவுன்னா அவளைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டா. வடாலா வரைக்கும் போவா. ஒருதடவை தாராவியிலேர்ந்து பேராச்சின்னு ஒருத்தி வந்து வாசல்ல நின்னா. "எம் புருசன் மொகத்த ஊர்ல இருக்க எங்க மாமியாவுக்கு அனுப்பணும் தாயி, ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க"ன்னு அழறா. பட்டப்பகல், தோல் காயப்போடற இடம், நாத்தம் குடலைப் பிடுங்கறது. குடிசைக்குள்ள வெளிச்சம் பத்தாதுன்னு வெளியில நாற்காலியில உக்காத்தி வெச்சுப் படம் எடுக்கணும். லென்ஸ்ல ஆவி படியும், துடைப்பா, மறுபடி படியும். நெத்தி வேர்வை பிளேட்ல சொட்டினா போச்சுன்னு தலையில துண்டைக் கட்டிண்டு நிப்பா. வேலையை முடிச்சுட்டு அந்த ஸ்டாண்டைத் தோள்ல சாத்திண்டு தனியா நடந்து வருவா. வந்தா நாங்க தொடமாட்டோம். கொல்லைப்பக்கமா வந்து, தலையோட ஜலம் விட்டுண்டு, அந்த அறைக்குள்ள போயிடுவா. போன இடத்துல என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு, பூணலுக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை. யார் போட்ட சட்டம்னு கேட்டா என்ன சொல்லுவேன், நானும் சேர்ந்துதான் போட்டேன்.

நாப்பத்தஞ்சு மே மாசம் சுப்புவுக்குக் கல்யாணம். யுத்த காலம், ரேஷன், அதனால ஒருநாள் கல்யாணம். மாப்பிள்ளை நாணுவுக்கு நாக்பூர்ல உத்தியோகம், லீவு கிடையாது. அன்னிக்கே பொண்ணை அழைச்சிண்டு சாயங்கால வண்டியில கிளம்பணும். நானும் இவரும் உக்காந்து கன்னிகாதானம் பண்ணிக் குடுத்தோம். பெத்தவ ஸாமான் அறையில. காத்தாலேர்ந்து மேளச் சத்தம்தான் அவளுக்குக் கல்யாணம். பொண்ணு கூறைப்புடவை கட்டிண்டு எப்படி இருக்கான்னு கூட அவ பாக்கலை.

தாதர்லேர்ந்து ஒரு போட்டோக்காரன் பத்து மணிக்கு வரேன்னிருந்தான். பதினொண்ணு ஆச்சு, பதினொண்ணரை ஆச்சு, ஆளைக் காணோம். ஜுரம்னு பன்னண்டு மணிக்குச் சொல்லியனுப்பறான், கட்டையில போறவன்! சம்பந்தி வேங்கடசுப்ரமணியன் பிடிவாதக்காரர். "எங்கம்மா கல்பாத்தியில படுத்த படுக்கையா இருக்கா. படம் எடுக்காம இலை போடப்படாது"ன்னுட்டார். அன்னிக்கு வியாழக்கிழமை. ஒண்ணரைக்கு ராகுகாலம் பிறந்துடும். அதுக்குள்ள சாப்பிட்டு, பொண்ணும் மாப்பிள்ளையும் படி இறங்கியாகணும். வடாலாவில சம்பந்தியோட தம்பியாத்துல இறங்கி, அங்கேர்ந்து ஸ்டேஷனுக்கு. எல்லாரும் கையைப் பிசைஞ்சிண்டு நிக்கறா.

இவர் மெதுவா, "பாகீரதி இருக்காளே"ன்னார். சம்பந்தி முகம் சுண்டிப் போச்சு. அப்போதான் என் மூளை வேலை செஞ்சுது. "காமிராவுக்குப் பின்னாடி கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுண்டுதானே எடுக்கப் போறா? நாம மொட்டைமாடிக்கு ஏறறதுக்கு முன்னாடியே அவ துணிக்குள்ள போயிடட்டும். பொண்ணும் மாப்பிள்ளையும் கீழே இறங்கினப்பறம் வெளியில வரட்டும். முகத்துல முழிச்சாத்தானே தோஷம்?"னேன். சம்பந்தி சித்த யோசிச்சு, சரின்னார். எனக்கு நானே சபாஷ் போட்டுண்டேன். அடி சமத்தே!

ஸாமான் அறைக்குப் போய்ச் சொன்னேன். பாகீரதி சடக்குனு எழுந்து நின்னா.

"மன்னி, காமிராக் கண்ணாடியில நான் சுப்புவைப் பாக்கலாமோல்லியோ? அதுல தோஷம் ஒண்ணும் இல்லையே?"

"தலைகீழாத்தானே தெரியும், தாராளமாப் பாரு"ன்னு சிரிச்சேன். "ஆனா ஒண்ணு. நான் வந்து குரல் குடுக்காம துணியை விட்டு வெளியில வரப்படாது. சம்பந்திகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"வரமாட்டேன் மன்னி."

மொட்டைமாடியில ஜமக்காளம் விரிச்சு நாற்காலி போட்டோம். எங்க பக்கம் ஜமக்காளம். அவ நின்ன பக்கம் வெறும் சிமெண்டு. ஒரு வாளி தண்ணியைக் கொட்டிட்டு அதும்மேல நின்னிருக்கா. நாங்க ஏறி வரதுக்குள்ளேயே அது காஞ்சு போச்சு. இதெல்லாம் அப்பறம் எனக்குத் தெரிஞ்சது. அந்த நேரத்துல எனக்கு என் புடவை மடிப்புத்தான் முக்கியம்.

அப்பா, என்ன வெயில்! காத்துன்னு பேருக்கு ஒண்ணு இல்லை. சமுத்திரத்துலேர்ந்து வர ஈரம் மேலே பிசுபிசுன்னு அப்பிக்கறது. மாப்பிள்ளை முகத்துல போட்ட பவுடர் கோடு கோடா வழியறது. சுப்பு கண்ணுல மை கரையறது. எதிர்ல மூணு கால், ஒரு கறுப்புத் துணி, கீழே ரெண்டு பாதம், அவ்வளவுதான் பாகீரதி.

"ஆச்சா?"ன்னு சம்பந்தி கத்தினார்.

"இதோ, ஒரு நிமிஷம்"னு துணிக்குள்ளேர்ந்து குரல் வந்தது.

"இன்னும் எத்தனை நாழி? பொண்ணு மயக்கம் போட்டுடுவா!"ன்னு நானும் கத்தினேன்.

"இதோ மன்னி, சரியா விழலை, இதோ."

அஞ்சு நிமிஷமாவது அப்படி நிக்க வெச்சிருப்பா. எல்லாரும் முணுமுணுத்தா. பிளேட்டைச் சொருகிட்டா கண்ணாடியில ஒண்ணும் தெரியாதாம். அதுவரைக்கும்தான் பாக்க முடியுமாம். ரொம்ப நாள் கழிச்சு அவளே வேற எதுக்கோ பேசறப்போ சொன்னா. அன்னிக்கு எனக்கென்ன தெரியும்? வேலை தெரியாம தடுமாறறாள்னு நினைச்சேன். கடைசியில, "ஆடாதேங்கோ"ன்னா. படம் பிடிக்க அமுக்கற ரப்பர் பந்தோட சத்தம் கேட்டுது. எல்லாரும் தப்பிச்சோம் பிழைச்சோம்னு கீழே ஓடினோம்.

அப்பறம் ஒரே அமளி. இலை போடு, சாம்பாரைக் கொண்டா, பிரதமன் எங்கே, சம்பந்திக்கு விசிறு. ஒண்ணேகாலுக்கு விக்டோரியா குதிரை வண்டி வாசல்ல வந்து நின்னுடுத்து. சுப்பு எனக்கு நமஸ்காரம் பண்ணிட்டு, "பெரியம்மா, அம்மா எங்கே? ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்"ன்னா. நான் அவ தோளைப் பிடிச்சுத் திருப்பினேன். "கிளம்பற சமயத்துல கூப்பிடாதேடி, அசடே. அவ உள்ளே படுத்துண்டிருப்பா. போய் லெட்டர் போடு." நெஜமாவே உள்ளே இருக்காள்னுதான் நினைச்சேன். எப்பவும் அங்கேதானே இருப்பா! குழந்தை ரெண்டு தடவை அந்த அறைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு வண்டியில ஏறினா.

எங்காத்துல பாகீரதி எல்லாருக்கும் கடைசியிலதான் சாப்பிடுவா. அதனால பந்தியில அவ இல்லைன்னு யாருக்கும் உறைக்கலை. ரெண்டு மணி தாண்டி, சாதம் போடலாம்னு அறையை எட்டிப் பாத்தேன். பாய் சுருட்டினபடி இருக்கு. காமிராப் பெட்டி காலியா இருக்கு. குரல் குடுக்கறேன்னு சொன்னவ நான்தானே!

மாடிக்கு எப்படி ஏறினேன்னு தெரியாது. தண்ணித் தொட்டி நிழல்ல எங்க பக்கத்து மாமாக்கள் மூணு பேர் வெத்திலை போட்டுண்டு, அரிசி விலையைப் பத்திச் சண்டை போட்டுண்டிருக்கா. நடு வெயில்ல அந்த மூணு காலும் துணியும் அப்படியே நிக்கறது. "என்னமோ பண்ணிண்டிருக்கா, நாங்க தொந்தரவு பண்ணலை"ன்னார் ஒருத்தர். ஆம்பிளைக் குரல் கேட்கக் கேட்க, சம்பந்தி மனுஷா இன்னும் இறங்கலைன்னு நினைச்சிண்டு உள்ளேயே நின்னிருக்கா, பாவி.

ஓடிப் போய்த் துணியைத் தூக்கினேன். முகம் செக்கச்செவேல்னு வெந்து போயிருக்கு. தலைமயிர்லேர்ந்து தண்ணியாக் கொட்டறது. பிளேட்டை வெயில் படாம தலைப்புல சுத்தி வயத்தோட அணைச்சிண்டிருக்கா. ஸ்டாண்டைப் பிடிச்சிண்டுதான் நிக்கறா. உள்ளங்கால் தோல் வழண்டு போயிருக்கு. என்னைப் பாத்ததும் உதட்டை நனைச்சுண்டு கேட்டா:

"இறங்கியாச்சா மன்னி? அவா கிளம்பறச்சே மாடிப்படி ஜன்னல் ஓரமா நின்னு சுப்புவைப் பாத்துக்கட்டுமா?"

"கிளம்பிப் போயாச்சுடி"ன்னேன். "ராகுகாலத்துக்கு முன்னாடியே போயிட்டா."

அவ அழலை. பிளேட்டைச் சுத்தின தலைப்பை இறுக்கிண்டா. அப்பறம், "ஐஸ் வாங்கிண்டு வரச் சொல்லுங்கோ மன்னி. குழாய்த் தண்ணி இப்போ கொதிக்கும். அதுல கழுவினா படம் கரைஞ்சு வழிஞ்சுடும்"னா. யாரைச் சொல்றது? நானே போனேன். பட்டுப்புடவையோட, செருப்பு கூடப் போடாம, இரானி டீக்கடைக்கு ஓடி, மரத்தூள் சாக்குல ஐஸைக் கட்டிண்டு வந்தேன். அவ பிளேட் கழுவறச்சே ஸ்நான அறைக்குள்ள முதமுதலா அன்னிக்குத்தான் போனேன். சின்னச் சிவப்பு விளக்கு. பிளேட் கழுவற தட்டைச் சுத்தி ஐஸ் வெச்சா, படம் இளகாம இருக்கப் படிகாரம் கரைச்சு வெச்சா, தட்டை ஆட்டிண்டே இருந்தா.

"மன்னி, சுப்பு என்னைக் கேட்டாளோ?"

நான் என்ன சொல்லியிருக்கணும்? ஆமாம்டி, கேட்டா, நான்தான் தடுத்துட்டேன்னு சொல்லியிருக்கணும். இத்தனை நாள் ஊரையே அதட்டின வாய்க்கு அது வரலை. பயந்துட்டேன். "கேக்கலைடி. அவசரத்துல குழந்தைக்கு ஞாபகமில்லை"ன்னேன்.

"நல்லதாப் போச்சு. அழாமப் போயிருக்கா"ன்னா. தட்டை ஆட்டிண்டே இருந்தா.

படம் நன்னா வந்தது. கல்பாத்திக்குப் போச்சு, நாக்பூருக்குப் போச்சு. பாகீரதி சாவுக்குப் படம் எடுக்கறதை மறுபடி ஆரம்பிச்சா. மறுவருஷம் சுப்பு பிரசவத்துக்கு வந்தா. ஒருநாள் சமையலுள்ளுல அம்மாவும் பொண்ணும் உக்காந்திருக்கா. நான் கதவண்டை மோர் கடைஞ்சிண்டிருக்கேன். சுப்பு சொல்றா: "அன்னிக்கு உன்னைப் பாக்கணும்னு எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமாம்மா? பெரியம்மாதான் கூப்பிடாதேன்னுட்டா."

என் கையில மத்து நின்னுடுத்து. பாகீரதி தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. இத்தனை வருஷமும் அவ என்னை அப்படி நேராப் பாத்ததில்லை. வரட்டும், இன்னிக்கு வாயில வந்தபடி திட்டட்டும், காலில விழுந்துடலாம்னு நான் தயாரா இருந்தேன்.

"பெரியம்மா மேல தப்பில்லைடி"ன்னா பொண்ணுகிட்ட. "என்னைக் கூப்பிட வேண்டாம்னு நான்தான் அவகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்."

சொல்லிட்டு எழுந்து, அவ ஸாமான் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திண்டா.